வடிதுணி

நாகைக் கடற்கரையில் இருந்த பௌத்த விகாரத்தில் திரையன் என்ற பழைய கப்பலோட்டி அறுபது வயதில் துவராடை உடுத்தித் துறவியானார். அவருடைய குரு சீலநந்தருக்கு முப்பத்தைந்து வயதுதான். துறவில் மூத்தவர் என்பதால் தினமும் காலையில் திரையன் அவரை விழுந்து வணங்குவார். எழும்போது முழங்கால் சொடுக்கும்.

"மெதுவாக, பெரியவரே" என்பார் குரு.

மழைக்காலத்தைத் தீவுக் குடிலில் கழிக்க நான்கு துறவிகள் போகவேண்டியிருந்தது. மறுநாள் விடிந்ததும் படகு. மணல்திட்டுகளுக்கு நடுவே வழி தெரிந்தவர் திரையன் ஒருவர்தான். அவர் சுக்கான் பிடித்த கடைசிக் கப்பலில் பதினோரு பேர் மூழ்கிப்போனார்கள். அதற்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததில்லை.

அன்று காலை முழுக்க மூச்சைக் கவனித்து உட்கார்ந்தார். பயம் போயிற்றா என்று மூச்சுக்கு மூச்சு பார்த்தார். போகவில்லை. எழுந்துபோய்க் குளத்து நீரை வடிதுணியில் ஊற்றிக் குடிக்க வடிகட்டத் தொடங்கினார். நீரில் இருக்கும் உயிர் சாகக்கூடாது என்று அங்கே வடிகட்டாத நீரை யாரும் குடிப்பதில்லை. திரையன் வடிகட்டிய நீரையே மறுபடி வடிகட்டினார். பிறகு மறுபடியும்.

பிச்சைக்குப் போன துறவிகள் தாகத்தோடு திரும்பிக் காத்து நின்றார்கள். சீலநந்தர் வந்து பானையை எட்டிப் பார்த்தார்.

"குளத்தையே வடிகட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பதாக உத்தேசமா?"

யாரோ சிரித்தார்கள். திரையன் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு நான் படகேற மாட்டேன், அடிகளே. இந்தப் பயம் சாகட்டும், ஏறுகிறேன். அதைக் கொல்ல ஒரு வழி சொல்லுங்கள்."

குரு பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"முதல்முறை வடிகட்டியபோது துணியில் என்ன இருந்தது?"

"கூத்தாடிப் புழு. ஏழெட்டு இருக்கும்."

"நசுக்கினீர்களா?"

"என்ன கேள்வி இது!"

"விழுங்கினீர்களா?"

"இல்லை. இருக்கிறது என்று பார்த்தேன். துணியை மெல்லக் குளத்தில் அமிழ்த்தினேன். நெளிந்து நெளிந்து போய்விட்டன."

குரு பானையில் ஒரு குவளை மொண்டு குடித்தார். அடுத்த குவளையைத் திரையனிடம் நீட்டினார்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துக் குடித்தார்.

"படகில் உட்கார்ந்ததும் பயம் திரும்ப வருமே, அடிகளே."

"வரும்" என்றார் குரு. "வடிதுணியை மறக்காமல் எடுத்து வையுங்கள்."