இலைக்கோழி இலையைப் புரட்டுவது எதனால்?

செடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு குளத்துக்கு ஒரு கோழி காவல் இருந்தது. இலைக்கோழி என்ற பெயர் அதற்கு அப்போது கிடையாது. வெறும் குளத்துக்கோழிதான். கால்விரல்களும் வீட்டுக்கோழிக்கு இருப்பதுபோலக் குட்டையாகத்தான் இருந்தன. வாய்க்கால் வந்து குளத்தில் சேரும் இடத்தில் ஒரு கல் கிடந்தது. அதன்மேல் நின்றுகொண்டு, தண்ணீரோடு மிதந்துவரும் புதுச் செடிகளை விசாரித்து உள்ளே விடுவதுதான் அதன் வேலை.

விசாரணை என்றால் பெரிய சட்டமெல்லாம் இல்லை. ஒரே கேள்வி. "உன்னை யார் தின்பாங்க?"

பதில் சொல்லத் தெரிந்த செடிக்கு இடம் உண்டு. தெரியாத செடி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வந்த வழியே போகவேண்டியதுதான். யாருக்கும் உதவாத ஒன்று குளத்தில் புகுந்தால் அது யாருக்கும் இடம் விடாது என்பது அந்தக் காலத்து உயிர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் கோரை வந்தது. கோழி அதன் தண்டை உருட்டிப் பார்த்தது. மூன்று பட்டையாக இருந்ததால் உருளவில்லை. "என் கிழங்கை வாத்து தின்னும். தட்டான் குஞ்சு என்மேல ஏறித்தான் சட்டை உரிக்கும்" என்றது கோரை. போகலாம் என்று கோழி தலையாட்டியது. பிறகு சம்பு வந்தது, கொட்டி வந்தது. கணுவுக்குக் கணு முள்ளோடு நீர்முள்ளி வந்து, "பூவுக்குத் தேனீ வரும். இலையைத் தின்ன வர்றவங்க முள்ளைப் பாத்து வரட்டும்" என்று முறைத்துவிட்டு உள்ளே போனது.

கடைசியாக வந்தது ஆம்பல். அதன் இலையெல்லாம் ஓட்டை.

"உன்னை யார் தின்பாங்கன்னு நான் கேக்கவே வேண்டாம் போலிருக்கே" என்றது கோழி.

"யாருதான் தின்னல, அக்கா?" என்று ஆம்பல் சிரித்தது. "நத்தை, வண்டு, மீன் எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

அன்றைக்கே இரண்டும் சிநேகிதமாகிவிட்டன. கல்லுக்குப் பக்கத்திலேயே ஆம்பல் வேர்விட்டது. பொழுது விடிந்தால் பேச்சு, பொழுது சாய்ந்தாலும் பேச்சு. கோழியின் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்றால் அதுதான்.

ஆனால் கோடை என்று ஒன்று இருக்கிறதே. தண்ணீர் வற்ற வற்ற, வாத்துகளும் நாரைகளும் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துபோயின. தவளை சேற்றுக்குள் போய் மூடிக்கொண்டது. மிச்ச மீன்கள் நடுக்குழியில் ஒடுங்கின. ஒருநாள் ஆம்பலின் இலையும் வாடிப் படுத்தது.

"நான் கிழங்குக்குள்ள போய்த் தூங்கப்போறேன், அக்கா. பெருமழை பெஞ்சு குளம் நெறஞ்சதும் வந்துடுவேன். மேல வெளிச்சம் தெரிஞ்சாத்தான் எனக்கு வர வழி தெரியும். அதை மட்டும் பாத்துக்க."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றது கோழி.

அதன்பின் பேச ஆளில்லை. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். அங்கே மரம்கூட இல்லை, வெடித்த களிமண்ணும் ஒரு கோழியும்தான். கோழி போகிற மேகத்தை நலம் விசாரித்தது. தன் நிழலோடு சண்டை போட்டது. நிழல் பதில் சொல்லாததால் சண்டையும் நிலைக்கவில்லை. எல்லோரும் போய்விடுகிறார்கள், நான் மட்டும் இருக்கிறேன் என்ற நினைப்பு அதன் நெஞ்சை அரித்தது.

அப்போது ஒரு கோடைமழை பெய்தது. வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. அதில் ஒரு செடி மிதந்துவந்தது. உப்பிய காம்பு, ஊதாப்பூ, பூவின் நடுவே மஞ்சள் கண். கோழி அதன் இலையைப் பார்த்தது. ஓர் ஓட்டை இல்லை, ஒரு கடி இல்லை, கழுவிவைத்த தட்டுபோல இருந்தது.

"உன்னை யார் தின்பாங்க?"

"இந்த ஊர்ல யாருமில்லீங்க, கோழியம்மா. எங்க ஊர்ல ஒரு வண்டு தின்னும். அது என்கூட வரல" என்றது அந்த ஆகாயத்தாமரை. "நான் தனியாத்தான் வந்தேன்."

போ என்று கோழி சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தது. வந்ததோ வேறு கேள்வி. "கோடையில நீயும் போயிடுவியா?"

"நான் எங்கயும் போக மாட்டேன். ஒரு குழித் தண்ணி இருந்தாலும் எனக்குப் போதும்."

கோழி கல்லைவிட்டு நகர்ந்து வழிவிட்டது.

கொஞ்ச நாள் சந்தோஷம்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருந்தது. ஆகாயத்தாமரைக்கு மகள் வந்தாள், பேத்தி வந்தாள், பேத்திக்கும் பேத்தி வந்தாள். பெருமழை பிடித்துக் குளம் நிரம்பியபோது கரைக்குக் கரை பச்சையாகக் கிடந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பிவந்த வாத்துகள் இறங்க இடமில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு குளத்துக்குப் போயின. மீன்கள் மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கின.

"கொஞ்சம் நிறுத்திக்க, தாயி" என்று கோழி கெஞ்சியது.

"எனக்கு நிறுத்தத் தெரியாதே, கோழியம்மா. எங்க ஊர்ல அந்த வண்டுதான் நிறுத்தும்" என்று ஆகாயத்தாமரை அழுதது. பாவம், அது பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் கல்லுக்குப் பக்கத்தில், ஆழத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, மழை வந்துடுச்சா? மேல இருட்டா இருக்கே."

கோழி கல்லின் ஓரத்துக்கு ஓடியது. "ஆம்பலு! இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம்!" என்று கத்தியது. எந்தப் பக்கம் என்று ஆம்பலுக்கு எப்படித் தெரியும்? அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நாளுக்கு நாள் குரல் மெலிந்தது.

கோழி இலைகள்மேல் கால்வைத்தது. குட்டை விரல் அமுங்கியது. விரல்களை முடிந்தமட்டும் விரித்து, இழுத்து, நீட்டி நின்றது. நின்ற இடத்திலிருந்து அலகால் பிடுங்க ஆரம்பித்தது.

"என்னையப் போகச் சொல்றீங்களா?" என்று கேட்டது ஆகாயத்தாமரை.

"நீ இருந்தாப் போதும்னு நெனச்சுட்டேன்" என்றது கோழி. "இப்ப நீ மட்டும்தான் இருக்க."

ஆகாயத்தாமரை அதன்பின் வாயே திறக்கவில்லை. பிடுங்கியபோது பிடிவாதம் பிடிக்கவும் இல்லை.

மழைக்காலம் முழுவதும் கோழி பிடுங்கியது. நீட்டி நீட்டி வைத்ததில் விரல்கள் நீண்டே போயின. கடைசியில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்கு வானம் தெரிந்தது. ஆனால் கீழே சத்தம் நின்றுபோயிருந்தது. கோழி அந்த இடத்தைவிட்டு நகராமல் காத்திருந்தது.

ஒரு காலையில், சுருண்ட செவ்விலை ஒன்று மேலே வந்து மெல்ல விரிந்தது.

"ஆம்பலு, வந்துட்டியா? என்மேல கோவமா? ஒரு வார்த்தை பேசேன்!"

இலை அசைந்தது. பேச்சு வரவில்லை. இருட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆம்பலின் குரல் தீர்ந்துபோயிருந்தது. அதே இருட்டில் கிடந்து பிறகு முளைத்துவந்த கோரையும் கொட்டியும் ஊமையாகவே வந்தன. அந்தக் குளத்து விதைகள்தான் பறவைகளின் காலில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் போயின.

வந்தது தன் ஆம்பல்தானா, வேறு ஏதாவதா? கேட்டால் சொல்ல அதற்கு வாயில்லை. கோழி நீண்ட விரலால் இலையின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து அடியில் பார்த்தது. அங்கே ஒரு குட்டி நத்தை ஒட்டிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. கோழி இலையை மெதுவாகக் கீழே விட்டது. அதற்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொல்லத்தான் யாருமில்லை.

அன்று முதல்தான் செடிகள் யாரோடும் பேசுவதில்லை. அன்று முதல்தான் இலைக்கோழி, விரிந்த நீண்ட விரல்களால் இலைமேல் இலையாகத் தன்னந்தனியே நடந்து, ஒவ்வொன்றையும் புரட்டி, அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது.