சட்டித் தீவில் ஏழு பேர்

சிரிப்பு உண்டு, கடைசியில் தருகிறேன். அதுவரை உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பச்சை நூலால் கட்டியாக வேண்டும்.

கட்டுகிறவள் பேச்சியம்மாள். அவள் புருஷன் மாசானம், உப்பளத்தில் வேலை. எங்கள் ஊரிலேயே பெரிய புத்திசாலி. ஊர் நிலவரம் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும்.

கல்யாணமான பத்து வருஷத்தில் பேச்சியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. “கடலுக்குள்ள கவுத்துவச்ச சட்டி மாதிரி தெரியுதே, அந்தத் தீவுல ஆளில்லாம ரெண்டு நாள் நிம்மதியா இருக்கணும். அங்க ஒத்த ஆள் இருந்தாலும் வரமாட்டேன். இந்தத் தடவையும் ஏமாத்துனீங்க, எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பமாட்டேன்.”

மாசானம் பத்து நாள் லீவு போட்டான். அதற்கப்புறம் மழைக்காலம், தோணி ஓடாது.

ஆனால் தீவில் ஆள் இல்லை என்று எப்படி நம்புவது? கூட்டாளிகள் சங்கிலியும் கொம்பையாவும் கூடி யோசித்து, “நேர்ல போய்ப் பாத்துட்டு வாலே” என்றார்கள். பொட்டலத்தோடு போனான். தாழம்புதரடியில் சாப்பிட்டான். யாருமே இல்லை.

“அது நேத்து,” என்றான் சங்கிலி மறுநாள் காலையில். “இன்னைக்கு?”

நியாயம்தானே? மாசானம் மறுபடி போனான். தாழம்புதரடியில் ஒரு வாழையிலை, பச்சை நூல், ஓரமாய் ஒதுக்கிவைத்த மிளகாய் வற்றல் ஏழு! தன் பொட்டலத்தையும் அங்கேயே அவசரமாய்த் தின்றுவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பினான்.

“புளிச்சோறு திங்கிற ஆளு. என்னை மாதிரியே காரம் ஆகாது போல, பாவம்.”

மூன்றாம் நாள் இலை இரண்டு. “பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துட்டான்,” என்றான் கொம்பையா.

நான்காம் நாள் மூன்று.

“பிள்ள பொறந்துட்டு.”

“அதுக்குள்ளயா?” என்றான் மாசானம்.

“சின்னத் தீவுல்லா, வேற என்ன சோலி?”

கொம்பையா முத்துமுத்தான எழுத்தில் ஒரு கடிதம் எழுதினான்: ‘ஐயா, குடும்பத்தோடு உடனே காலி செய்யவும்.’ ஐந்தாம் நாள் மாசானம் அதைப் புதரடியில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்தான். ஆறாம் நாள் கல்லைத் தூக்கினால், ஒரு கடிதம்! விழுந்தடித்துக் கொண்டுவந்தான்.

கொம்பையா வாசித்தான். “நம்மளையே குடும்பத்தோட காலி பண்ணச் சொல்லுதான்லே!”

சங்கிலி எட்டிப் பார்த்தான். “ஆனா கையெழுத்தப் பாரு. படிச்ச குடும்பம்.”

எட்டாம் நாள் சாயங்காலம். பெட்டியோடு வாசலில் நின்றாள் பேச்சியம்மாள். பெட்டி தீவுக்கா, அக்கா வீட்டுக்கா என்பது இனி மாசானம் வாயில்தான் இருந்தது. கூட்டாளிகள் சூழ, ஒரு சாக்கை அவள் முன்னால் கொட்டினான்.

“ஏழு பேர் ஆயிட்டாங்க பேச்சி. நான் என்ன செய்ய? இந்தா சாட்சி.”

ஏழு இலை. ஏழு பச்சை நூல். குவியலாய் மிளகாய். பேச்சியம்மாள் உள்ளே போய் நூல்கண்டை எடுத்துவந்தாள். ஒரு முழம் அறுத்து, சாட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தினமும் உங்க பொட்டலத்தக் கட்டுற நூல். தினமும் நீங்க திங்காம ஒதுக்குற மிளகா.”

மாசானம் இந்த நூலைப் பார்த்தான். அந்த நூலைப் பார்த்தான். வாய் மெல்லத் திறந்தது.

“ஏ யப்பா! அந்த ஆளு நாந்தானா!”

சங்கிலி இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தான்.

“அது இருக்கட்டும்லே. அப்போ உன் பொண்டாட்டி முன்னாலயே சொல்லு, அங்க இருக்கவ யாரு? அந்த அஞ்சு பிள்ளைகளுக்கும் என்ன பதில் சொல்லப் போற?”