பொன்னாடைக்குள் வெந்த அரசர்

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டைக் கோதைமாறன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு ஒரே குழப்பம். ஆண்டுக்கு ஆண்டு சூடு ஏறுகிறது, ஆறு வற்றுகிறது. சூரியனோ அதே சூரியன்தான்.

ஒருநாள் மூக்காயி என்ற கிராமத்துப் பெண்ணையும் அவள் ஊராரையும் கட்டி அவைக்கு இழுத்து வந்தார்கள். அரசரின் புது மாளிகைகளுக்காக ஓயாமல் எரிந்த, சுண்ணாம்பு சுடும் காளவாய்களில் ஒன்றை அவர்கள் மண்ணைப் போட்டு அணைத்துவிட்டார்கள். காளவாய்கள் எல்லாம் அவைப் பிரதானி வல்லபராயருக்குச் சொந்தம்.

"நாடு கடத்துங்கள், பிரபு. இவர்கள் செய்த பாவத்தால்தான் சூரியன் கோபித்துக்கொண்டிருக்கிறான்" என்றார் அவர்.

"காளவாய்ப் புகையாலதான் நாடு வேகுது, ராசா" என்றாள் மூக்காயி.

"புகை மேலே போகிறது. சூடு கீழே இருக்கிறது. இரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" அரசருக்குத் தலை சுற்றியது.

அமைச்சர் ஆதனார் எழுந்தார். "தீர்ப்புக்கு முன் மன்னருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டாமா?"

அந்த அவையில் அப்படி ஒரு வழக்கம். ஒருவர் போர்த்தினால் எல்லோரும் போர்த்தியாக வேண்டும். கடைசி ஆள் போர்த்தும்வரை அரசர் ஒன்றையும் கழற்றக் கூடாது. ஆதனார் ஒன்று போர்த்தினார். வல்லபராயர் விடுவாரா? மூன்று போர்த்தினார். மற்றவர்களும் முண்டியடித்தார்கள். அரசரின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"ஆதனாரே, சிம்மாசனத்துக்கு அடியில் யார் தீ மூட்டியது?"

"தீ இல்லை, மன்னா. உங்கள் உடம்புச் சூடுதான்."

"அது காலையிலும் இருந்ததே. அப்போது வேகவில்லையே?"

"அப்போது சூடு வெளியே போனது. இப்போது ஆடை விடவில்லை. பூமியும் வாங்கிய வெயிலை வானத்துக்குத் திருப்பி அனுப்பும். புகை கலைந்த பிறகும் அதிலிருந்த ஒரு காற்று கண்ணுக்குத் தெரியாமல் மேலே தங்கி, அந்தச் சூட்டை மறிக்கிறது. மெல்லிய போர்வை பூமிக்கு வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் விறைத்துவிடும். நாம்தான் மேலே மேலே போர்த்துகிறோம்."

"அதையும் கழற்றிவிடலாமே?"

"உங்களுடையதைக் கழற்ற இரண்டு கை போதும். வானத்துடையது லேசில் கழலாது. இனிமேல் போர்த்தாமல் இருக்கலாம்."

"அப்படியானால் இந்த மூக்காயி..."

"அடுத்த ஆடையைத் தடுத்தவள், மன்னா."

அரசர் எல்லாவற்றையும் உருவி வல்லபராயர் மேல் போட்டார். "மாலைவரை இப்படியே நில்லும். சூரியனின் கோபம் எப்படி என்று சொல்லும்." பிறகு கட்டை அவிழ்க்கச் சொல்லி, மூக்காயியைக் கேட்டார். "என்ன பரிசு வேண்டும்?"

அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். "கட்டினதும் நீங்க, அவுத்ததும் நீங்க. இதுல பரிசு எதுக்கு, ராசா? இன்னும் எரியுற காளவாயெல்லாம் அணைக்க ஆள் அனுப்புங்க."

அரசர் அவையைப் பார்த்தார். போர்த்த முண்டியடித்தவர்கள் எல்லோரும் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரை அனுப்புவது? தாமே சிம்மாசனத்தை விட்டு இறங்கினார்.

"மூக்காயி, இந்த ஊரில் மண்வெட்டி எங்கே கிடைக்கும்?"