திரைக்கு மேலே போன குண்டுகள்

"டீச்சர், என் விண்வெளி பத்து நிமிஷத்துல செத்துப்போகுது."

சொல்லிவிட்டு லேப்டாப்பை மேசைமேல் வைத்தார் தவசிமுத்து. புகார் கொடுக்க வந்தவர் போல நின்றார். முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் வாங்கியவர் அவர். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நாலு.

டீச்சருக்கு இருபத்தேழு. பெயர் யாஸ்மின். பேட்டரி கடைக்கு மேலே ஒரே அறையில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் அவர் எப்போதும் டீயைக் குடித்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

"ஓட்டிக் காட்டுங்க ஐயா."

ஓட்டினார்.

கறுப்புத் திரை. கீழே ஒரு வெள்ளைக் கப்பல். அவரே வரைந்தது. பார்க்கக் கவிழ்த்த கரண்டி மாதிரி இருக்கும். அதை விண்கலம் என்று நம்ப நல்ல மனசு வேண்டும். மேலிருந்து பச்சை வட்டங்கள் இறங்கும். கப்பல் அவற்றைச் சுடும். அவ்வளவுதான் விளையாட்டு.

அந்த வட்டங்களுக்கு அவர் கண், வாய், கை எதுவும் வைக்கவில்லை. ஏன் என்று டீச்சர் ஒருமுறை கேட்டதற்கு, வரைய வராது என்றார். அது பொய்.

பத்தாவது நிமிஷம் கப்பல் இழுத்து இழுத்து நகர ஆரம்பித்தது. பிறகு அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? எதிரி ஜாஸ்தியோன்னு பத்தை ஆறாக்கினேன். ஆறை ஒண்ணாக்கினேன். நேத்து அந்த ஒண்ணும் வேண்டாம்னு எடுத்துட்டேன். வெறும் வானத்தைப் பாத்துச் சுட்டேன் டீச்சர். அப்பவும் நின்னுடுச்சு."

வெறும் வானத்தைப் பார்த்துச் சுட்டேன்.

இதை அவர் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு விசாரணைக் கமிஷன் முன்னால்.

அதற்குச் சில மாதம் முன்பு ஒரு பஞ்சாலை வாசலில் கூட்டம் கூடியது. நாலு போலீஸ்காரர்கள் சுட்டார்கள். எதிர் வரிசை வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்த மாரிக்கனி என்ற பத்தொன்பது வயதுப் பெண் விழுந்தாள். எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துத்தான் சுட்டோம், அந்தப் பெண் மாடியிலிருந்து கையைத் தூக்கிக் கல் எறிந்துகொண்டிருந்தாள் என்று நாலு பேரும் சொன்னார்கள். ஒரு சொல் மாறாமல் சொன்னார்கள். முதல் நாளே பேசிவைத்துக்கொண்டால் சொல் எப்படி மாறும்?

அறிக்கையில் அவள் கல்லெறிந்த கலகக்காரி ஆனாள்.

மற்ற மூன்று பேரும் இப்போது உயிரோடு இல்லை. போன மாதம் தவசிமுத்துவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் வேலம்மாள், மாரிக்கனியின் தாய்.

'ஐயா, நாலு பேரில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம் இருக்கிறீர்கள். என் மகள் கல் எறிந்தாளா? அதை மட்டும் சொல்லுங்கள். எனக்கும் நாள் அதிகம் இல்லை.' கீழே ஒரு போன் நம்பர்.

அதைக் கிழித்துப் போடவும் அவருக்குத் தைரியம் இல்லை. தினமும் குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது கடிதத்தையும் பழைய பையிலிருந்து புதுப் பைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பதில் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் விண்வெளியில் சுட்டுக்கொண்டிருந்தார்.

யாஸ்மின் நின்றுபோன திரையைப் பார்த்தாள்.

"தப்பின குண்டெல்லாம் எங்க போகுது ஐயா?"

"மேல போகுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரையைத் தாண்டிடும். இல்லாமப் போயிடும்."

"யாரு இல்லாம ஆக்குறா?"

"தானாத்தான்."

"எந்த வரியில எழுதியிருக்கீங்க?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தான் எழுதிய புரோகிராமை முதலிலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் பார்த்தார். வட்டத்தில் பட்ட குண்டை அழிக்கும் வரி இருந்தது. படாத குண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"எழுதலை டீச்சர்."

"எழுதலைன்னா போகலை."

விளையாட்டை மறுபடி தொடக்கிக் கொடுத்தாள். எதிரி இல்லாத வானம். சுடச் சொன்னாள். அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். கப்பல் இழுக்கத் தொடங்கியதும் அவள் எட்டி, புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள்.

திரை சுருங்கியது. இதுவரை முழு வானமாக இருந்தது அடியில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு ஒடுங்கிப்போனது. அதற்கு மேலே இருந்த இருட்டு இப்போது தெரிந்தது.

இருட்டு முழுக்கக் குண்டுகள். வரிசை வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

"இதெல்லாம்..."

"நீங்க சுட்டது."

"எதுலயும் படலையே."

"அதான் இன்னும் போய்க்கிட்டிருக்கு. உங்க கப்பல் ஒரு அடி நகரணும்னா, முதல்ல இது அத்தனையையும் மிஷின் நகர்த்தியாகணும். எப்படி ஓடும்?"

தவசிமுத்து திரைப்பக்கம் குனிந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறாயிரம் இருக்கும். எல்லாம் ஒரே திசையில், யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன.

"இதை அழிக்க முடியுமா?"

"ஒரு வரி போதும். திரையைத் தாண்டினா அழின்னு எழுதணும். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க."

விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் விரலை வைத்தார். இரண்டு எழுத்து அடித்தார். பிறகு அடிக்கவில்லை.

"டீச்சர், நான் நிஜமாவே ஒரு தடவை மேல சுட்டிருக்கேன்."

"ம்."

"ஒரு பொண்ணு செத்துப்போச்சு."

அவள் விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"என் குண்டுதான்னு யாராலயும் நிரூபிக்க முடியலை."

"நான் கேக்கலையே ஐயா."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பெரிய வக்கீல் குறுக்கு விசாரணை செய்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார். சின்னப் பெண் ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

அவள் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். மடித்து, விசைப்பலகைமேல் வைத்தாள்.

"இதுக்கு நான் வரி சொல்லித்தர முடியாது."

கீழே கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள். பேட்டரி கடையில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

தவசிமுத்து தனியாக உட்கார்ந்திருந்தார். திரையில் குண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் பயந்தார். கமிஷனுக்கு முன்னால்கூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே அவரோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

கடிதத்தைப் பிரித்து, நம்பரை ஒவ்வொன்றாகப் போட்டார்.

நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" மூச்சிரைப்போடு ஒரு கிழட்டுக் குரல்.

"ஏட்டு தவசிமுத்து. பஞ்சாலை வாசல்ல... நீங்க லெட்டர் போட்டிருந்தீங்க."

மறுமுனையில் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் மேலதான் சுட்டேன்..."

"அது நான் கேக்கலை ஐயா. யாரு சுட்டதுன்னும் கேக்கலை. இந்தத் தெருவுல எம்மவளுக்குக் கல்லெறிஞ்சவன்னு பேரு. அவ தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தவங்க அதைச் சொல்லித்தான் எந்திரிச்சுப் போனாங்க. அவ எறிஞ்சாளா?"

இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய பதில் அவர் நாக்கு நுனிக்கு வந்தது. வந்ததை விழுங்கினார்.

"இல்லம்மா."

"கையத் தூக்கினான்னு நாலு பேரும் சொன்னீங்களே."

"தூக்கினது நெசம். கையில கல்லு இல்லை. ஈரப் பாவாடை."

 அந்த மாடி எதிரே வந்து நின்றது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டார் என்று அவருக்கே தெரியும்.

"துணிக்கொடி உசரம்மா. பிள்ளைக்கு எட்டலை. கீழ இவ்வளவு சத்தம், அது பாட்டுக்குத் துணி காயப்போட்டுக்கிட்டிருந்துச்சு. பாவாடையைச் சுருட்டிக் கொடி மேல வீசிச்சு. கீழ விழுந்துச்சு. எடுத்து உதறி மறுபடி வீசிச்சு. மறுபடியும் விழுந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மூணாவது தடவை வீசும்போது..."

மேலே சொல்ல அவரால் முடியவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். போன் மட்டும் காதிலேயே இருந்தது.

 மறுமுனையில் போனை வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்.

"மூணாவது தடவை..." என்றாள் வேலம்மாள். "கொடியில தங்குச்சா ஐயா?"

"தங்குச்சும்மா."