அடும்பின் இலை பிளந்த கதை

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் பேச்சு உண்டு. இன்று கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடும்பு அன்று கொடியே அல்ல. கடற்கரையில் ஆளுயரம் நிமிர்ந்து நின்ற செடி. இலை முழுவட்டமாக இருக்கும். தூரத்தில் பாய்மரம் தெரிந்தால் முதலில் பார்ப்பது தான்தான் என்று அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்து அடும்பு வாடிச் சாகக் கிடந்தது. மீன் உலர்த்தும் நீலாயிதான் தன் குடிதண்ணீரில் பாதியைத் தினமும் ஊற்றிப் பிழைக்க வைத்தாள். அடும்பு அதை மறக்கவே இல்லை.

மறு கோடையில் இயேசுவின் சீடரான தோமையார் அந்தக் கரையில் வந்து இறங்கினார். அவர் தொட்டு வேண்டினால் நோய் தீரும் என்ற பேச்சு அவருக்கு முன்பே வந்திருந்தது. நீலாயி ஓடி வந்தாள்.

"சாமி, எம் மவ காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாமக் கெடக்கா. வெயில் தாழுற வரைக்கும் தாங்க மாட்டா. வாங்க சாமி!"

குடிசை மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். இறங்கும்போதே சிப்பி கிழித்து அவர் பாதம் இரண்டிலும் ரத்தம். கொதிக்கிற மணலில் நாலடி வைத்தார். ஐந்தாவது அடியில் விழுந்துவிட்டார். நீலாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடும்புக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, நான் படுத்துக்கொள்கிறேன். என் மேல் நடந்து போங்கள்."

"தாங்குவாயா?" என்றார் தோமையார். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். ஓர் இலையை விரலால் அழுத்திப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது.

அடும்பு கடைசியாக ஒருமுறை கடலைப் பார்த்துவிட்டுச் சாய்ந்தது. மேடேறிக் குடிசை வாசல்வரை நீண்டது. அவர் மிதித்த இலையெல்லாம் நடுவில் கிழிந்தது. அடும்பு முனகக்கூட இல்லை.

சாயங்காலம் நீலாயியின் மகள் கண் திறந்து கஞ்சி கேட்டாள்.

தோமையார் வெளியே வந்து அடும்பைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை; கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது.

"இந்தக் கிழிசலையாவது சேர்த்துவைக்க வேண்டிக்கொள்ளட்டுமா?"

"வேண்டாம் ஐயா. நீலாயி ஊற்றிய தண்ணீருக்கு என் நன்றி இது. இருந்துவிட்டுப் போகட்டும்."

தோமையார் குனிந்து அந்தக் கிழிசலைத் தொட்டார். உயிர்த்தெழுந்து வந்த தன் குருவின் காயத்தை ஒருநாள் இப்படித் தொட்டுத்தான் அவருக்கு நம்பிக்கையே வந்தது. கண் நிறைந்துவிட்டது. நீலாயி உள்ளே போய், பானையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொண்டுவந்து அடும்புக்கு ஊற்றினாள்.

அன்று முதல்தான் அடும்பின் இலை நடுவில் பிளந்து, கொடி மணலோடு மணலாகப் படர்கிறது. தோமையார் திருநாளில் அந்தக் கரைப் பெண்கள் அடும்புக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போகிறார்கள்.