அழகம்மை மூடி மறைத்த லத்தி

மரத்து மேலே உட்கார்ந்து ‘சீ!’ என்று சொன்னவர் யாரோ, அவர்தான் சுண்டுவின் வயிற்றைக் கெடுத்தவர். இலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டால் ஆயிற்றா?

சுண்டு ஆறு மாத யானைக்குட்டி. அப்போதுதான் புல் கடிக்கப் பழகியது. ஒரு நாள் குளத்தங்கரையில் அதன் அம்மா அழகம்மை சுடச்சுட லத்தி போட்டாள். சுண்டு அதில் ஒரு வாய் அள்ளித் தின்றது. யானைக்குட்டிகள் காலங்காலமாகச் செய்கிற காரியம்தான்.

“சீ! சாணியைத் தின்கிறது பார்!” என்றது மரத்து மேலிருந்து ஒரு குரல்.

மான் சிரித்தது. மயில் சிரித்தது. பிறந்ததிலிருந்து பல் விளக்காத முதலைகூடச் சிரித்தது!

அழகம்மைக்கு மானம் போயிற்று. அன்று முதல் லத்தி போட்டதுமே மண்ணைத் தள்ளி மூடிவிடுவாள்.

பத்தே நாளில் சுண்டுவின் வயிறு தவில் மாதிரி வீங்கியது. தின்ற புல் செரிக்காமல் புல்லாகவே வெளியே வந்தது.

வைத்தியர் மந்தி வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “வயிற்றைக் காயப்போடு” என்றார். காயப்போட்டாள். குட்டிக்குக் கால் துவண்டது. “தேன் கொடு” என்றார். கொடுத்தாள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. “அப்படியானால் விதிதான்!” என்று அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டார்.

சுண்டு படுத்தது, எழவில்லை.

அந்தப் பக்கம் வந்த காட்டுப்பன்றி மூக்காயி நின்றாள். ஒன்பது குட்டி வளர்த்தவள்.

“ஏன் அக்கா, இந்த வயசிலே நீ என்ன தின்னே?”

அழகம்மை காதால் முகத்தை மூடிக்கொண்டாள். “எங்கம்மா லத்தி.”

“சத்தமாச் சொல்லு!”

“லத்தி!”

“ஆங்! புல்லைச் செரிக்கவைக்கிற குட்டிக்குட்டி உயிர் உன் குடலிலே கோடி கிடக்கு. பிள்ளை வயித்துக்கு அது எப்படிப் போகும்? காத்திலே பறந்தா? மூணு வாய் கொடு!”

“ஒரு வாய். புதருக்குப் பின்னாலே.”

“மூணு வாய். குளத்தங்கரையிலே!”

“ரெண்டு வாய். கரைக்குக் கொஞ்சம் தள்ளி...”

“காய்கறியா வாங்குறே? கிடக்கிறது உன் பிள்ளை! நீ ஒளிச்சா அடுத்தவளும் ஒளிப்பா. மூணு வாய், பட்டப்பகல்லே!”

அழகம்மை குளத்தங்கரையில் நின்றாள். போட்டாள். மூடவில்லை. சுண்டுவைத் தும்பிக்கையால் தாங்கி, அவளே மூன்று வாய் ஊட்டினாள்.

“சீ!” என்று ஆரம்பித்தது மயில்.

“நீ புழு தின்னதை நான் பார்த்தேன்!” என்றாள் மூக்காயி. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

தினமும் ஊட்டினாள். ஒரு வாரத்தில் வயிறு வற்றியது. சுண்டு எழுந்து நடந்தது. நேராக மந்தி உட்கார்ந்த மரத்தடிக்குப் போய், உருண்டை உருண்டையாக முதல் நல்ல லத்தி போட்டது. மறுநாள் காலை, வீங்கிய வயிற்றோடு இன்னும் மூன்று யானைக்குட்டிகளை அவற்றின் அம்மாக்கள் தலைகுனிந்தபடி கூட்டிவந்தார்கள்.

மரத்து மேலே இருக்கிற வைத்தியரே, போதும், இறங்கி வாரும்! அந்த நாலு தாய்மாரின் முன்னே நின்று, “நான் சொன்னது தப்பு” என்று குளம் முழுக்கக் கேட்கும்படி சொல்லும்: பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதுதான் மருந்தும் சோறும், பார்க்கிறவன் மூக்குக்கு ஒத்துக்கொள்வது அல்ல!