எட்டாவது ஸ்க்ரூ

கனகசபாபதி சிஷ்யனாகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்துநாலு வயசு. குருவுக்கு முப்பத்தொன்பது. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன், பழைய ரேஸ் கார் இன்ஜின்களைச் சரிபண்ணும் ஜுனைதாவிடம் போய், "சொல்லிக் குடுங்க மாஸ்டர்" என்று நின்றார். கோயமுத்தூரில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் சிரித்தான். ஜுனைதா சிரிக்கவில்லை. "கையைக் காட்டுங்கண்ணா" என்றாள். பார்த்தாள். சேர்த்துக்கொண்டாள்.

அது மூன்று வருஷத்துக்கு முந்தின சங்கதி. இப்போது அந்தக் கை ஸ்பானரைத் தொடுவதில்லை. டிரைவர் கிரிதரன் செத்து ஒன்பது நாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"இனிமே நான் இந்த வேலையில கை வைக்கலாங்களா?"

ஜுனைதா பட்டறை மூலைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். நசுங்கிய காரிலிருந்து கழற்றி வைத்த இன்ஜின் அங்கே கிடந்தது. சபாபதி ஒன்பது நாளாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சாதாரண காருக்குக் காற்று போக ஒரே தொண்டைதான். நாலு சிலிண்டரும் அதிலேயே பங்கு போட்டுக்கொள்ளும். இந்த ஜாதி இன்ஜினுக்கு ஆளுக்கொரு தொண்டை. ஒவ்வொரு தொண்டையிலும் ஒரு வட்டத் தகடு. மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். நாலையும் ஒரே கம்பியில் இணைத்து, நாலும் ஒரே அளவு மூச்சு இழுக்கும்படி பண்ணுவதுதான் வித்தை. அதில் சபாபதி கில்லாடி. ரப்பர் குழாயைக் காதில் வைத்து அவர் ஒன்று சொன்னால், கேஜ் முள் அதற்கு ஆமாம் போடும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தொண்டை பொருத்தியவர்தான் முதல் ஓட்டத்தில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். எதற்கு என்று சேர்ந்த புதிதில் கேட்டார். "உட்காருங்கண்ணா, தெரியும்" என்றாள் ஜுனைதா. உட்கார்ந்தார். மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தார். டிரைவர் பையன்கள் ஒரு மாசம் அவர் மானத்தை வாங்கினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு முதல் ஓட்டத்துக்கும் பயந்துகொண்டேதான் ஏறுவார்.

விபத்து நடந்த அன்றைக்குக் காலையில் கிரிதரன் முதல் ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றார். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

"நாலும் ஒரே மூச்சா இருக்குது தம்பி. நீங்க போய்ட்டு வாங்க."

"சரிங்ணா. எப்படி இருக்குன்னு வந்து சொல்றேன்" என்று போனான் அந்தப் பையன்.

வந்து சொல்லவில்லை. ரேஸ் டிராக்கில் நேர்ப்பாதை முடிகிற இடத்தில் சுவரில் போய் விழுந்தான். ரேஸ் சங்கத்துக்காரர்கள் டயர் தடத்தைப் பார்த்தார்கள். ஓட்டியவர் தாமதமாகப் பிரேக் பிடித்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"எண்ணுங்க" என்றாள் ஜுனைதா.

"என்னத்தைங்க?"

"ஒரு தகட்டுக்கு ரெண்டு ஸ்க்ரூ. நாலு தகடு."

சபாபதி குனிந்தார். நாலு தகடும் முழுக்கத் திறந்தே நின்றன. மிதிக்க ஆளில்லாத இன்ஜினில் அவை மூடித்தான் இருக்க வேண்டும். அப்படியானால் கிரிதரன் காலை எடுத்தும் வண்டி வேகம் குறைந்திருக்காது. விரல் வைத்து எண்ணினார்.

"ஏழு."

ஜுனைதா நீளச் சாமணத்தை நாலாவது தொண்டைக்குள் விட்டாள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. பிடித்து, ஆட்டி, இழுத்தாள்.

டப்பென்று நாலு தகடும் மூடின. நாலும் ஒரே நேரத்தில். ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. அவர் கைவேலையில் அந்தக் குறை மட்டும் சொல்ல முடியாது.

வளைந்த ஸ்க்ரூவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன் முனை புதுசாக, முழுசாக இருந்தது. தகட்டுக்கு மறுபக்கம் நீட்டும் முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்க வேண்டும். அப்படிச் செய்தால் எந்த அதிர்வுக்கும் கழலாது. அந்தப் பட்டறையில் அவர் முதல் நாள் கற்ற பாடம் அது.

"நாலாவது தகடு கொஞ்சம் சாய்வா இருந்துச்சுங்க. ஒரு ஓட்டம் போய்ட்டு வரட்டும், திரும்ப ஒருக்கா சரி பண்ணிட்டு தட்டிக்கலாம்னு விட்டேன்."

"தெரியும்."

"எப்போதிருந்துங்க?"

"இன்ஜினைக் கழட்டின அன்னைக்கே எண்ணிப் பாத்தேன். கிரி லேட்டா பிரேக் பிடிக்கிறவன் இல்லை."

"அப்புறம் ஏனுங்க மாஸ்டர் யார்கிட்டயும் சொல்லலை?"

"நான் பொருத்தலையேண்ணா."

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. கிரிதரனின் அப்பா கருப்பணன். மகனுடைய ஹெல்மெட்டும் ஷூவும் பட்டறையில்தான் இருந்தன, வாங்கிப்போக வந்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர், ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். எதிரில் ஆள் இல்லாமலே பேசினார். அவர் பேசியது உள்ளே கேட்டது.

"நாந்தானுங்க அவனுக்குப் பிரேக் சொல்லிக் குடுத்தேன். எங்கியோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கறேன். ஒம்போது நாளா யோசிக்கறேன், எங்கன்னு பிடிபடலை."

சபாபதிக்குக் கண் இருட்டியது. இன்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எல்லாம் எழுதி முடிச்சுட்டாங்க மாஸ்டர்" என்றார் மெதுவாக. "இப்ப நான் போய்ச் சொன்னா பையன் வந்துருவானுங்களா?"

"வரமாட்டான்."

"அவரு என்னை என்ன பண்ணுவாரோ."

"தெரியாது."

"கை வைக்கலாமான்னு கேட்டேனுங்க. அதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலை."

ஜுனைதா முன்னறையைப் பார்த்தாள். பெஞ்சில் கருப்பணனுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"இந்த இன்ஜினுக்கு முதல் ஓட்டம் இன்னும் முடியலைண்ணா. போய்ப் பக்கத்துல உட்காருங்க."